ஹனோய்ச் சமாதியும் ஒரு மரணசாசனமும்

ஒரு தலைவரின் இறுதி விருப்பமும் அவர் நாட்டின் விருப்பமும் முரண்பட்டால் எது வெல்லும்? அண்மையில் வியட்நாம் சென்று, ஹனோய் நகரின் பா டின் சதுக்கத்தில் நின்றபோது என்னுள் எழுந்த வினா இது.

1945 செப்ரெம்பர் 2ஆம் திகதி ஹோ சி மின் தம் நாட்டின் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தது இச்சதுக்கத்திலேயே. 24 ஆண்டுகளின் பின், 1969இல், அதே நாளில் அவர் மறைந்தார். தேசிய தினத்தன்று துக்கம் வேண்டாமென எண்ணிய கட்சித் தலைமை, மறுநாள் மறைந்ததாகவே அறிவித்தது. உண்மைத் திகதி 1989இல்தான் வெளிவந்தது.

சாம்பல்நிறக் கருங்கற் சமாதி 1975 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. தொப்பியைக் கழற்றி, பேச்சின்றி, வரிசையில் நகர்ந்தோம். கண்ணாடிப் பேழையினுள் மங்கிய ஒளியில் அவரது உடல் கிடந்தது.

அவர் வேண்டியது இதுவன்று. தம்மைத் தகனஞ் செய்து, சாம்பலை வடக்கு, நடு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளிலும் புதைக்குமாறும், நடுகல்லோ வெண்கலச் சிலையோ வேண்டாமென்றும் மரணசாசனத்தில் எழுதியிருந்தார். உழவர்க்கு ஓராண்டு விவசாய வரியை விலக்குமாறும் கேட்டிருந்தார். 1969இல் வெளியிட்ட பிரதியில் இவ்வரிகள் நீக்கப்பட்டிருந்தன. இவையும் 1989இலேயே மக்களை எட்டின.

அருகே, தூண்கள்மேல் நிற்கும் சிறு மரவீடொன்று உண்டு. 1958 முதல் அவர் வாழ்ந்த வீடு அது. சமாதியிற் காணாத மனிதரை அங்கே கண்டேன்.

நினைவுச்சின்னம் கட்டியவர் மனத்தைக் காட்டும். மறைந்தவர் மனத்தை அவர் எழுத்திலேயே தேடவேண்டும். வரலாறு பயிலும் நம் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லிவைப்போம்.