எல்லைக்கோடும் மருத்துவப் பதிவேடும்

ஒரு நாடு அரசியல் ஒன்றியத்திலிருந்து விலகுவதைப் பற்றி எழுதும்போது, கொடியையும் நாணயத்தையும் சுங்கச்சாவடியையும் பற்றியே வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. மருத்துவரின் பட்டம் எங்கெல்லாம் செல்லும், நோயாளி எந்த ஊர் மருத்துவமனையை நாடலாம் என்னும் வினாக்கள் அடிக்குறிப்பாக நின்றுவிடுகின்றன. அயர்லாந்துத் தீவில் இவ்வினாக்கள் ஏறத்தாழ நூறாண்டு இடைவெளியில் இருமுறை எழுந்தன. அவ்விரண்டையும் நாம் சேர்த்துப் பார்ப்பது பயனுடையது.

1858ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் பொதுவான ஒரே பதிவேட்டை உருவாக்கியது. இலண்டனில் இருந்த பொது மருத்துவப் பேரவை அதனைப் பேணியது. டப்ளினிலோ கார்க்கிலோ பயின்றவர் இங்கிலாந்தின் எந்த ஊரிலும் தொழில் நடத்த முடிந்தது. இராணுவத்திலும் இந்திய மருத்துவப் பணியிலும் அயர்லாந்து மருத்துவர் பலர் இருந்தனர். தீவின் கல்லூரிகள் உள்நாட்டுத் தேவைக்கு மிகுதியாகவே மருத்துவர்களை உருவாக்கின. கடல் கடந்த வேலையை நம்பியே மாணவர் பலர் சேர்ந்தனர்.

1922 டிசம்பர் 6 அன்று அயர்லாந்துச் சுதந்திர அரசு பிறந்தது. வடகிழக்கின் ஆறு மாவட்டங்கள் பிரித்தானியாவுடனேயே நின்றன. தன்னாட்சி பெற்ற நாடு தன் மருத்துவர்களை இலண்டன் பேரவையின் பொறுப்பில் விட்டுவைப்பதா என்ற வினா இயல்பாகவே எழுந்தது. பதிவேட்டைப் பிரித்தால் பட்டதாரிகளின் பிழைப்புப் போகும். பிரிக்காவிட்டால் விடுதலை குறைபடும். இழுபறிக்குப் பின் 1927இல் உடன்பாடு ஏற்பட்டது. அயர்லாந்து தனக்கென ஒரு பதிவேட்டை அமைத்துக்கொண்டது. அதன் பட்டதாரிகள் பிரித்தானியப் பதிவேட்டிலும் தொடர்ந்து இடம்பெற்றனர். அதற்கு ஈடாக, அயர்லாந்துத் தேர்வுகளின் தரத்தை இலண்டன் பேரவை கண்காணிப்பது நீடித்தது. பெருமிதத்தைச் சற்றே விட்டுக்கொடுத்துப் பிழைப்பைக் காத்த ஏற்பாடு என்றே இதனை நாம் மதிப்பிட வேண்டியுள்ளது.

1973இல் இரு நாடுகளும் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தன. 1975இன் நெறிமுறைகள் உறுப்பு நாடுகளின் மருத்துவப் பட்டங்களை ஒன்றையொன்று ஏற்கச் செய்தன. தனி உடன்பாடாக இருந்தது இவ்வாறு பொதுச் சட்டமாயிற்று. காலப்போக்கில் நோயாளிகளும் எல்லையைக் கடக்கலாயினர். டெரி நகரின் ஆல்ட்னகெல்வின் மருத்துவமனையில் 2016 நவம்பரில் திறக்கப்பட்ட புற்றுநோய் மையத்துக்கு அயர்லாந்து அரசும் நிதி அளித்தது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்காகக் கால்வேக்கோ டப்ளினுக்கோ நெடுந்தொலைவு சென்றுவந்த டோனிகால் மக்களுக்கு அது அண்டை ஊர் ஆயிற்று. பெல்ஃபாஸ்ட்டில் குழந்தைகளுக்கான இதய அறுவை நிறுத்தப்பட்டபின், வடக்கின் குழந்தைகள் டப்ளினுக்குச் செல்கின்றனர்.

அம்மையம் திறக்கப்பட்ட அதே ஆண்டின் ஜூன் மாதத்தில்தான் பிரித்தானிய மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வாக்களித்திருந்தனர். 2020 டிசம்பர் 31 அன்று இடைக்காலம் முடிந்தது. பட்டங்களைத் தாமாகவே ஏற்கும் ஐரோப்பிய விதி பிரித்தானியாவுக்குப் பொருந்தாமற் போயிற்று. வெளிநாட்டில் சிகிச்சை பெற்றுச் செலவை மீட்கும் 2011ஆம் ஆண்டு நெறிமுறையும் அவ்வாறே ஆயிற்று. எனினும் டெரி மையத்தின் கதவு அடைபடவில்லை. பொதுப் பயணப் பகுதி குறித்து 2019 மே மாதம் இரு அரசுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தக் குறிப்பு, இரு நாட்டுக் குடிமக்களின் மருத்துவ வசதியையும் உள்ளடக்கியிருந்தது. தன் மக்கள் வடக்கே சென்று சிகிச்சை பெற அயர்லாந்து அரசு தனித் திட்டம் ஒன்றையும் வகுத்தது.

அப்படியானால் இழந்தது என்ன என்று நாம் கேட்கலாம். ஒன்றியத்தின் சட்டம் உரிமையாக அளித்ததை இப்போது இரு அரசுகளின் இணக்கம் அளிக்கிறது. உரிமை மறுக்கப்பட்டால் நீதிமன்றத்தை நாடலாம். இணக்கமோ நிதியையும் நல்லுறவையும் பொறுத்தது. அடுத்த அமைச்சரவை அதனைச் சுருக்கவும் கூடும். 1927இல் அந்நிலையற்ற தன்மையைச் சுமந்தவர் வேலை தேடிய இளம் மருத்துவர். இன்று அதனைச் சுமப்பவருள், வாரந்தோறும் எல்லை கடந்து சிகிச்சைக்குச் செல்லும் டோனிகால் நோயாளியும் ஒருவர்.