தாமே நிரப்பும் மணவிலக்குப் படிவங்கள் (அமெரிக்கா)

வழக்கறிஞரை அமர்த்தாமல் கணவனோ மனைவியோ தாமே மணவிலக்கு மனுவை ஆயத்தம் செய்துகொள்ள உதவும் கையேடுகள், படிவத் தொகுப்புகள், மென்பொருள்கள், இணையச் சேவைகள் ஆகியவை தாமே நிரப்பும் படிவங்கள் என்ற வகையில் அடங்கும். மணவிலக்குச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால் இவையும் மாநிலவாரியாகவே வெளிவருகின்றன.

தோற்றம்

உயில் நீதிமன்ற நடைமுறையைத் தவிர்க்க வழி சொல்லும் நூலொன்றை 1965இல் நார்மன் டேசி வெளியிட்டார். நியூயார்க்கில் அதற்கு விதிக்கப்பட்ட தடையை அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1967இல் நீக்கியது. பொதுமக்கள் அனைவருக்குமாக எழுதிய நூல், தனியொருவருக்குக் கூறும் சட்ட ஆலோசனை ஆகாது என்ற நிலை இதனால் உறுதிப்பட்டு, மணவிலக்குக் கையேடுகளுக்கும் வழி திறந்தது.

கலிபோர்னியாவில் ஆளுநர் ரொனால்டு ரீகன் 1969இல் கையொப்பமிட்ட குடும்பச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. துணைவரின் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் நீங்கவே, வழக்கின் பெரும்பகுதி எழுத்து வேலையாகச் சுருங்கியது. இலவசச் சட்ட உதவிப் பணியில் இருந்த ரால்ஃப் வார்னர், சார்லஸ் ஷெர்மன் இருவரும் 1971இல் பெர்க்லியில் நோலோ பதிப்பகத்தைத் தொடங்கி, மணவிலக்குக் கையேட்டை முதல் நூலாக வெளியிட்டனர்.

புளோரிடா, டெக்சாஸ் வழக்குகள்

படிவங்களைத் தட்டச்சு செய்து தந்த மர்லின் பிரம்பாமீது புளோரிடா வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 1978இல் தீர்ப்பு வந்தது. மாதிரிப் படிவங்களை விற்கலாம், வாடிக்கையாளர் எழுதித் தந்ததை அப்படியே தட்டச்சு செய்யலாம். எந்தப் படிவம் தேவை, அதை எப்படி நிரப்புவது என்று சொல்லக்கூடாது என மாநில உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. வழக்கறிஞர் அலுவலகச் செயலராக முன்பு பணியாற்றிய, ஜாக்சன்வில் நகரைச் சேர்ந்த ரோஸ்மேரி ஃபர்மன் 50 டாலருக்கு மேல் வாங்காமல் இப்பணியைச் செய்துவந்தார். உரிமமின்றி வழக்கறிஞர் தொழில் செய்ததாக 1979இல் தீர்ப்பாகியும் அவர் பணியை நிறுத்தவில்லை. 1984இல் அவருக்கு விதிக்கப்பட்ட சிறைத்தண்டனையை ஆளுநர் பாப் கிரகாம் தலைமையிலான குழு அவ்வாண்டே நீக்கியது. பொதுமக்களைக் காக்கவென்று வகுத்த விதி வழக்கறிஞர் தொழிலுக்கே வேலியானது.

டெக்சாஸில் சட்டப் படிவ மென்பொருள் ஒன்றுக்கு 1999 ஜனவரியில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் தடை விதித்தது. மாநிலச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியதால் அதே ஆண்டில் தடை நீங்கியது.

வரம்புகள்

அறிவுரை கூற இடமில்லாததால், நிரப்பியவர் கோராமல் விட்டதைக் கருவி எடுத்துச் சொல்வதில்லை. லிப்பல் தம்பதியின் மணவிலக்கு வழக்கில் மனைவியின் மனுவிலிருந்த பிள்ளைப் பராமரிப்புக்கான கட்டத்தில் குறி இடப்படவில்லை. கணவர் நீதிமன்றத்துக்கு வராத நிலையில் அத்தொகையைச் செலுத்துமாறு ஆணையிடப்பட்டது. மனுவில் கேட்காததை, வழக்காட வராதவர்மீது சுமத்த இயலாது என்று கூறி, கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1990இல் அந்த ஆணையைச் செல்லாததாக்கியது.

தனியார் நிறுவன ஓய்வூதியத்தைப் பங்கிட மணவிலக்குத் தீர்ப்பு மட்டும் போதாது. 1984ஆம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டம் வகுத்த தகுதிகளுக்கு உட்பட்ட தனி ஆணை வேண்டும். பொதுவான மனுப் படிவங்களில் இது இடம்பெறுவதில்லை. சொத்தை மறைப்பவர், துணைவரை மிரட்டுபவர் ஆகியோரின் வழக்குகளுக்கும் இக்கருவிகள் பொருந்தா. கலிபோர்னியாவின் சுருக்கமுறை மணவிலக்கு, ஐந்து ஆண்டுக்கு மேற்படாத, குழந்தையோ வீடு நிலமோ இல்லாத மணங்களுக்கே கிட்டும். இருவரும் இசைந்து கையொப்பமிட வேண்டும். பொதுவாக இத்தகைய வழக்குகளிலேயே படிவம் முழுப் பயன் தருகிறது.

இன்றைய நிலை

கலிபோர்னியாவில் கட்டணம் பெற்றுப் படிவம் ஆயத்தம் செய்வோர் 2000 முதல் மாவட்ட அலுவலகத்தில் பதிந்து, 25,000 டாலருக்குப் பிணைப்பத்திரம் அளிக்க வேண்டும். இணையச் சேவைகளும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இப்போது பெருகிவருகின்றன.