மறதி மன்னிப்பாகாது

கொல்லிமலையில் பைல் நாடு முதலிய நாடுகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடையே ஒரு குலக்கதை வழங்கி வருகிறது. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் சேர்வராயன்மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகிய மூன்றிலும் குடியேறினர் என்றும், அவர்தம் வழிவந்தோரே தாங்கள் என்றும் அவர்கள் கூறுவர். அவ்வுறவின்படி பார்த்தால், அவர்தம் இனத்தார் வாழும் வாச்சாத்தியில் நேர்ந்தது கொல்லிமலைக்கும் சொந்தத் துயரமே. ஆயினும் அதனை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, கடத்தப்பட்ட சந்தன மரங்களைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூருக்குள் புகுந்தனர். மக்கள் அடித்துத் துன்புறுத்தப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, கிணற்று நீரும் பாழாக்கப்பட்டது. பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர்.

இக்கொடுமையின் வேர் மிக ஆழமானது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்திற்குப் பின், காட்டை நம்பி வாழ்ந்தோர் தம் சொந்த மண்ணிலேயே அயலாராயினர். விறகும் கிழங்கும் எடுத்த கை திருட்டுக் கையாக எண்ணப்பட்டது. மலைமக்கள் என்றாலே ஐயத்திற்குரியோர் என்னும் எண்ணம் தலைமுறைதோறும் வளர்ந்தது. ஓர் ஊரையே குற்றவாளியாகக் கருதும் துணிவை அதிகாரத்திற்குத் தந்தது அவ்வெண்ணமே.

நடந்தது எதுவுமில்லை என்று முதலில் மறுத்தார்கள். அப்பெண்களோ மீண்டும் மீண்டும் உண்மையை எடுத்துரைத்தனர். பழங்குடி மக்கள் சங்கமும் பொதுவுடைமை இயக்கத்தினரும் உடன் நின்றனர். 1995-இல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அவர்கள் மறந்திருந்தால் இந்நீதி பிறந்திராது.

“பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும்? மன்னித்து மறப்பதன்றோ கிறிஸ்தவப் பண்பு?” என்று வினவுவோர் நம்மிடையே உண்டு. மன்னிப்பைப் போதிக்கும் நம் திருச்சபையே ஒப்புரவு அருட்சாதனத்தில் ஆன்ம சோதனையை முதற்படியாக வைத்துள்ளது. செய்த பாவத்தை நினைவுக்குக் கொண்டுவராமல் மனத்துயரில்லை; மனத்துயரின்றி மன்னிப்புமில்லை. தனி மனிதனுக்குரிய இவ்வொழுங்கு சமூகத்திற்கும் பொருந்தும். இஸ்ராயேலரும் பாஸ்கா விருந்தில் கசப்புக் கீரை உண்டே தம் அடிமை வாழ்வை நினைவுகூர்ந்தனர்.

அரசு அலுவலரின் குற்றத்தைப் பேசும் நாம் நம் வீட்டையும் நோக்குதல் வேண்டும். நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கொரு பகுதியாக மக்களைப் பிரித்த தடுப்பு 1910-இல்தான் அகற்றப்பட்டது. அதனை எதிர்த்தும் கத்தோலிக்கரே உயர்நீதிமன்றம் வரை வழக்காடினர். தனிக் கல்லறைகள் நம் பங்குகளில் இன்றும் சில இடங்களில் இருப்பதற்குக் காரணம் என்ன? அவ்வரலாற்றை நாம் சரிவரக் கற்கவில்லை என்பதே.

செப்டம்பர் 29 அதிதூதர்களின் திருநாள். அன்றைய திருப்பலியில் வாச்சாத்திப் பெண்களுக்காக மன்றாடுவோம். மறைக்கல்வி வகுப்பில் அவர்தம் வரலாற்றையும், வடக்கன்குளத்தின் வரலாற்றையும் நம் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்வோம்.