உட்டாவில் கிடைத்த யுனிக்ஸ் நாடா

கொங்குவேளிரின் பெருங்கதைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஈரோட்டுப் பக்கம் விஜயமங்கலத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லப்படும் அந்தப் புலவரின் காப்பியத்தை உ.வே.சாமிநாதையர் 1924ல் அச்சில் கொண்டுவந்தார். அதற்குள் முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் அழிந்து போயிருந்தன. பிரதி எடுத்து வைக்க ஆளில்லாத நூலுக்கு அதுதான் கதி. கணினி நிரலுக்கும் அதே கதிதான். அப்படித் தொலைந்து போனதாக நினைத்த ஒரு யுனிக்ஸ், 2025ல் ஒரு காந்த நாடாவிலிருந்து மீண்டு வந்தது.

யுனிக்ஸ் 1969ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் முதலில் அதை அசெம்பிளி மொழியில் எழுதினார்கள். ஒரு வகைக் கணினிக்கு எழுதிய அசெம்பிளி இன்னொரு வகைக்கு ஆகாது. எனவே 1973ல் கெர்னலை சி மொழியில் திருப்பி எழுதினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் வந்த நான்காம் பதிப்புதான் அப்படி வெளிவந்த முதல் யுனிக்ஸ். பின்னாளில் பல வகைக் கணினிகளுக்கும் யுனிக்ஸ் பரவியதற்கு இந்த மாற்றமே அடிப்படை. ஆனால் அந்தப் பதிப்பில் மிஞ்சியதாகத் தெரிந்தவை கையேடும் மூலநிரலின் சில பகுதிகளும் மட்டுமே.

2025 ஜூலையில் உட்டா பல்கலைக்கழகக் கணினித் துறையின் சாமான் அறையைச் சுத்தம் செய்தபோது ஒரு நாடாச் சுருள் கிடைத்தது. பெல் ஆய்வகத்திலிருந்து வந்த அசல் யுனிக்ஸ், நான்காம் பதிப்பு என்று அதன்மேல் கையால் எழுதியிருந்தது. அது 2008ல் மறைந்த ஜே லெப்ரோ என்ற ஆய்வாளரின் கையெழுத்து. பேராசிரியர் ராபர்ட் ரிச்சி இந்தச் செய்தியை வெளியிட்டார். நாடாவை அஞ்சலில் அனுப்பாமல், கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் காரிலேயே எடுத்துப் போனார்கள்.

அந்தக் கவனத்துக்குக் காரணம் உண்டு. அது ஒன்பது தட நாடா. எட்டுத் தடங்களில் தகவல், ஒன்பதாவதில் பிழை காட்டும் பாரிட்டி பிட். அரை நூற்றாண்டு கடந்த நாடாவில் காந்தப் பூச்சு உதிரலாம், சில இடங்களில் சமிக்ஞை மங்கியிருக்கலாம். சாதாரண நாடாக் கருவி ஓடும்போதே பூஜ்யமா ஒன்றா என்று முடிவு செய்துவிடும். சந்தேகம் வந்தால் பிழை என்று சொல்லி நின்றுவிடும். ஒவ்வொரு முறை திரும்ப ஓட்டும்போதும் நாடா இன்னும் தேயும்.

அருங்காட்சியகத்தின் ஆல் கோசோ வேறு வழியில் போனார். தலை படிக்கும் மின் அலையையே, எல்லாத் தடங்களிலும் ஒரே நேரத்தில், அப்படியே பதிவு செய்து கொண்டார். எது பூஜ்யம், எது ஒன்று என்பதை லென் ஷுஸ்டெக் எழுதிய நிரல் பிறகு நிதானமாகப் பிரித்தெடுத்தது. கணக்கு தவறினால் பதிவான அலையை மறுபடி அலசலாம், நாடாவைத் தொட வேண்டியதில்லை. 2025 டிசம்பரில் தகவல் வெளியே வந்தது. அந்தக் காலத்து பிடிபி-11 கணினியைப் போல நடிக்கும் சிம்ஹெச் என்ற மென்பொருளில் ஏற்றியதும் 1973ன் யுனிக்ஸ் மீண்டும் ஓடியது. இப்போது இணையத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம்.

நாடா பத்திரமாக இருந்தது பாதி வெற்றிதான். படிக்கும் கருவி, அதை இயக்கத் தெரிந்தவர், எழுத்து முறையை விளக்கும் கையேடு, ஏற்றிப் பார்க்க ஒரு கணினி, இந்த நான்கில் ஒன்று குறைந்திருந்தாலும் அது வெறும் பிளாஸ்டிக் சுருள். கோவையில் ஒரு மில் அலுவலகமானாலும் கல்லூரி ஆய்வகமானாலும் இது பொருந்தும். பேக்கப் எடுத்தாயிற்று என்று பீரோவில் பூட்டி வைப்பவர்கள் அதிகம். அதை வேறொரு கணினியில் ஏற்றி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்ப்பவர்கள் குறைவு. ஏட்டை எலி தின்றதா என்று பார்க்க, கட்டை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும்.