பூனையும் மார்ஃபியாவும்

நோயுற்ற மனிதன் தன் வலியை வாய்விட்டுச் சொல்லுகிறான். நாயும் பூனையும் என் செய்யும்? அவற்றின் வலியை நாமே கண்டறிதல் வேண்டும். அங்ஙனம் அறிவதில் நேர்ந்த பிழையொன்று பூனையினத்திற்கு நெடுங்காலம் துன்பம் விளைத்தது.

கசகசாச் செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பாலே உலர்ந்து அபின் ஆகிறது. ஜெர்மனியில், பாடர்போர்ன் நகரத்து மருந்துக்கடையொன்றில் பணியாற்றிய செர்ட்டூர்னர் என்னும் இளைஞர், 1805ஆம் ஆண்டையொட்டி அபினின் சத்தைப் பிரித்தெடுத்தார். அதனை நாய்களுக்குக் கொடுத்துச் சோதித்தார். பின்னர்த் தாமும் உண்டு பார்த்தார். கனவுக்குரிய கிரேக்கத் தேவனான மார்ஃபியசின் பெயரால் அது மார்ஃபியா எனப்பட்டது.

மார்ஃபியா பெற்ற நாய் வாந்தியெடுக்கும். பிறகு அமைதியுற்று உறங்கும். பூனையோ வெறிகொண்டாற்போலத் துள்ளியது என்று பழைய ஆய்வாளர் எழுதி வைத்தனர். ஆதலின், பூனைக்கு மார்ஃபியா ஆகாது என்னும் கொள்கை வேரூன்றிற்று. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் பற்பல பூனைகள் வலி நீக்கும் மருந்தின்றிக் கிடந்தன.

உண்மை யாது? குற்றம் மருந்தினுடையது அன்று, அளவினுடையது. இன்று பூனைக்கு உடலெடை கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 0.1 முதல் 0.3 மில்லிகிராம் வரையே தருகின்றனர். அன்று கொடுத்ததோ இதனினும் பன்மடங்கு. சிற்றளவு தந்தால் வெறி தோன்றாமலே வலி தணியும் என்பதை, அமெரிக்காவில் 1968இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

மருந்து வேலைசெய்யும் முறையும் பின்னர் விளங்கிற்று. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பணுக்களில் மார்ஃபியா சென்று பற்றும் இடங்கள் உண்டு என்பது 1973இல் மெய்ப்பிக்கப்பட்டது. பூட்டில் சாவி பொருந்துவதுபோல அது ஆங்கே பொருந்தும். வலிச் செய்தி மேற்செல்லாது தடைபடும். 1975இல், ஸ்காத்லாந்தின் அபர்டீன் நகரில், ஹியூசும் காஸ்டர்லிட்சும் பன்றியின் மூளையிலிருந்தே மார்ஃபியாவை ஒத்துச் செயற்படும் பொருள்களைக் கண்டெடுத்தனர். வலியைத் தணிக்கும் ஏற்பாடு விலங்கின் உடலிலேயே அமைந்திருத்தல் வியப்பன்றோ!

பூட்டு நாய்க்கும் பூனைக்கும் உண்டு. அது அமைந்துள்ள விதமே வேறுபடும். மார்ஃபியாவால் நாயின் கண்பாவை சுருங்கும். பூனையின் கண்பாவை விரியும். ஆகவே, ஒன்றை வைத்து மற்றொன்றை அளத்தல் தகாது.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம் பழமொழி. மிஞ்சிய அளவைக் கண்டு அமுதையே நஞ்சென ஒதுக்குவதும் பிழையே. ஒரு நூலில் புகுந்த தவற்றை அடுத்த நூல் ஆராயாது ஏற்றால், அதன் பயனைத் துய்ப்பது வாயில்லா உயிராகவும் இருக்கலாம்.