கற்சுவரும் பெயரேடும்

காஞ்சி மாநகரும் முசரவாக்கம் முதலிய சுற்றுக் கிராமங்களும் அடங்கிய தொண்டை மண்டலத்தில், ஊராரின் தானங்களையும் தீர்மானங்களையும் தலைமுறைகளுக்குக் காத்துத் தந்த பேரேடு ஆலயத்தின் கற்சுவரேயாகும். உத்திரமேரூரில் குடும்புகள் எனப்பட்ட 30 ஊர்ப்பிரிவுகளிலிருந்து தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகள், முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் சாசனமாயின.

ஓலைச் சுவடியில் ஏடு சேர்க்கலாம், சுவருக்கோ எல்லையுண்டு. அதனால்தான் நம் கோயில்களில் அடித்தள வரிகளான ஜகதியிலும் குமுதத்திலும் எழுத்துகள் நெருங்கி ஓடுவதையும், இடம் போதாத சாசனம் வேறொரு பக்கத்தில் தொடர்வதையும் காண்கிறோம். திருமழபாடியில் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்ட முதலாம் ராஜராஜன், பழைய கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். ராஜேந்திரன் காலத்தில் அவை புதுச்சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன.

இக்காலத்து அலுவலகங்களில் ஊழியர் பெயர்களைத் தாங்கும் ஆக்டிவ் டைரக்டரியின் தரவுத்தளத்திலும், இடத்திற்கு எல்லையுண்டு, புதுப்பிக்கப் படியெடுத்தல் வேண்டும் என்னும் இந்நியதியே நிலவுகிறது. பெயர்களை நீக்கினாலும் அத்தரவுத்தளக் கோப்பு தானாகச் சுருங்குவதில்லை. உள்ளே தோன்றும் வெற்றிடம் புதிய பதிவுகளுக்கே பயன்படுகிறது. கோப்பு சுருங்கவேண்டின், சேவையை நிறுத்தி, செறிவான புதுப்படி எடுத்துப் பழையதற்கு மாற்றாக வைத்தல் வேண்டும். ஆகவே கோப்பின் பருமனையும், அதனுள்ளிருக்கும் வெற்றிடத்தையும், வட்டில் எஞ்சிய இடத்தையும் இடையறாது கவனிப்பது, பதிவுகளைக் காக்கும் பொறுப்பேற்றோர் அனைவருக்கும் உரிய தர்மம்.