படத்தில் பேசுவது யார்? அமெரிக்க வரலாறும் பொதுத் தொலைக்காட்சியும்

அமெரிக்க வரலாற்றைப் பாடநூலில் மட்டும் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போகிற மாணவர்கள் இப்போது குறைவு. கேட்டால் "படமே பார்த்துட்டேன் டீச்சர்" என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் படத்தில் வந்ததை எல்லாம் அப்படியே உண்மை என்று விடையில் எழுதும்போதுதான் புள்ளி போகிறது. ஆவணப்படமும் ஒரு சான்றுதான். அதை யார் எடுத்தார், யாரைப் பேசவிட்டார், யாருக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார் என்று கேட்டே ஆகவேண்டும். இப்படிக் கேட்டுப் பழக, அமெரிக்காவின் பிபிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சி தந்த வரலாற்றுத் தொடர்களை எடுத்துக்கொள்ளலாம்.

பிபிஎஸ் பற்றிச் சுருக்கமாக. 1967 நவம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் பொது ஒலிபரப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1970இல் பிபிஎஸ் ஒளிபரப்பைத் தொடங்கியது. இது அரசாங்க நிலையம் இல்லை. பல ஊர்களில் உள்ள உறுப்பு நிலையங்கள் சேர்ந்த அமைப்பு. 2025 வரை கொஞ்சம் கூட்டரசுப் பணமும் வந்தது; மற்றதில் பெரும்பகுதி அறக்கட்டளைகளும் நிறுவனங்களும் பார்ப்பவர்களும் தருவது. பணம் எங்கிருந்து வருகிறது என்பது சும்மா விவரம் இல்லைங்க. 1972இல் அதிபர் நிக்சன் பொது ஒலிபரப்புக்கான நிதி மசோதாவைத் தமது தடுப்பு அதிகாரத்தால் நிறுத்தினார். மறு ஆண்டே வாட்டர்கேட் விசாரணை வந்தது. பகலில் நடந்த செனட் விசாரணையைப் பிபிஎஸ் இரவில் முழுதாக ஒளிபரப்பியது. வேலை முடிந்து வந்தவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். நிக்சன் கையை நெரித்த நிலையத்துக்கு அவர் விவகாரமே பேர் வாங்கிக் கொடுத்தது!

இப்போது இரண்டு தொடர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலாவது, கென் பர்ன்ஸ் எடுத்த 'உள்நாட்டுப் போர்'. 1990 செப்டம்பரில் ஐந்து இரவுகள் தொடர்ந்து வந்தது. ஒன்பது பகுதிகள், சுமார் 11 மணி நேரம், ஏறக்குறைய 4 கோடிப் பார்வையாளர்கள். 1861 முதல் 1865 வரை நடந்த போருக்கு அசையும் படம் ஏது? பழைய புகைப்படங்கள் மீது கேமராவை மெல்ல நகர்த்தினார். சிப்பாய்களின் கடிதங்களை நடிகர்களை வைத்து வாசிக்கச் சொன்னார். புல் ரன் போரில் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் சல்லிவன் பலூ என்ற அதிகாரி மனைவிக்கு எழுதிய கடிதம் வரும் இடத்தில் கண் கலங்காதவர் குறைவு.

கண் கலங்கும் இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். இந்தத் தொடரில் அதிகம் பேசுபவர் ஷெல்பி ஃபூட். மிசிசிப்பி மாநிலத்துக்காரர், நாவலாசிரியர், அருமையான கதைசொல்லி. இந்தப் போர் உருவாக்கிய இரண்டு மேதைகள் என்று லிங்கனையும், தென்மாநிலத் தளபதி நேத்தன் ஃபாரஸ்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். யார் இந்த ஃபாரஸ்ட்? போருக்கு முன் அடிமை வணிகர். 1864இல் ஃபோர்ட் பில்லோவில் சரணடைந்த கறுப்பினச் சிப்பாய்களைக் கொன்று குவித்தது அவருடைய படை. போருக்குப் பின் கு கிளக்ஸ் கிளானின் முதல் தலைவர். போர் உத்தியில் அவர் கெட்டிக்காரர் என்பது வேறு விஷயம். ஆனால் 'மேதை' என்ற சொல் எதை மறைக்கிறது என்று மாணவரிடம் கேளுங்கள். அதே தொடரில் வரலாற்றாசிரியர் பார்பரா ஃபீல்ட்ஸ் வருகிறார். போரை விடுதலைப் போராக மாற்றியதில் அடிமைகளுக்கே பங்கு உண்டு என்று விளக்குகிறார். அவருக்குக் கிடைத்த நேரம் ஃபூட்டுக்குக் கிடைத்ததில் சிறு பகுதிதான்.

முடிவும் அப்படித்தான். கெட்டிஸ்பர்க்கில் பல ஆண்டுகள் கழித்து இரு தரப்பு முதியவர்களும் கைகுலுக்கும் காட்சி. மனசுக்கு இதமாக இருக்கும். எரிக் ஃபோனர் போன்ற வரலாற்றாசிரியர்கள் இதைத்தான் குறை சொன்னார்கள்: வெள்ளையர்கள் சமாதானம் ஆனார்கள், சரி, விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்கு அதற்குப் பிறகு என்ன ஆனது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுபோல் அமைந்தது இரண்டாவது தொடர். சொல்லப்போனால் இது மூன்று ஆண்டுகள் முன்னதாகவே, 1987 ஜனவரியில் வந்துவிட்டது. பெயர் 'ஐஸ் ஆன் த பிரைஸ்'. எடுத்தவர் ஹென்றி ஹேம்ப்டன். இளம்பிராயத்தில் போலியோவால் பாதிக்கப்பட்டவர். 1965 செல்மா நடைப்பயணத்துக்குப் போயிருந்தவர். முதல் ஆறு பகுதிகள் 1954 முதல் 1965 வரையான குடிமை உரிமைப் போராட்டத்தைச் சொல்கின்றன. 1990இல் மேலும் எட்டுப் பகுதிகள் வந்தன.

இதில் பேராசிரியர்கள் திரையில் வந்து விளக்கம் சொல்வதில்லை. படக்குழுவுக்கு அவர்கள் முன்கூட்டியே வகுப்பு எடுத்தார்கள், அவ்வளவுதான். திரையில் பேசுபவர்கள் சம்பவத்தில் இருந்தவர்கள். எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையன் 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்டான். அவன் தாய் சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். முழுக்க வெள்ளையர்கள் அடங்கிய நடுவர் குழு ஒரு மணி நேரம் சொச்சத்தில் கொலையாளிகளை விடுவித்தது. சில மாதங்களில் அவர்களே ஒரு பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு கொன்றதை ஒப்புக்கொண்டார்கள். முதல் பகுதியே இதிலிருந்துதான் தொடங்குகிறது. எதிர்த்தரப்பையும் ஹேம்ப்டன் விடவில்லை. செல்மாவின் அன்றைய மேயர் ஸ்மிதர்மனும் கேமரா முன் உட்கார்ந்து பேசுகிறார்.

செல்மாவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1965 மார்ச் 7 ஞாயிறு. வாக்குரிமை கேட்டுப் பாலத்தைக் கடந்த சுமார் 600 பேரைக் காவலர்கள் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கினார்கள். அன்றிரவு ஏபிசி நிலையம், நாஜிகள் மீதான நியூரம்பர்க் விசாரணை பற்றிய திரைப்படத்தை நடுவில் நிறுத்திவிட்டு இந்தக் காட்சியைப் போட்டது. நாடே அதிர்ந்தது. ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. தொலைக்காட்சி இங்கே வரலாற்றைப் பதிவு மட்டும் செய்யவில்லை, அதற்குள்ளேயே நுழைந்துவிட்டது.

ஆனால் அந்தப் படச்சுருள்கள் செய்தி நிறுவனங்களின் சொத்து. ஹேம்ப்டன் குழுவால் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே உரிமம் வாங்க முடிந்தது. 1990களின் நடுவில் உரிமங்கள் காலாவதியாகின. தொடரை ஒளிபரப்ப முடியவில்லை. புதிய பிரதி விற்க முடியவில்லை. பள்ளி நூலகங்களில் பழைய ஒளிநாடாக்கள் தேய்ந்துகொண்டிருந்தன. ஹேம்ப்டன் 1998இல் காலமானார். ஃபோர்ட் அறக்கட்டளையும் இன்னொரு நன்கொடையாளரும் பணம் கொடுத்த பிறகுதான் 2006இல் தொடர் மீண்டும் பிபிஎஸ்ஸில் வந்தது. தங்கள் பாட்டன்மார் அடிவாங்கிய காட்சியைப் பார்க்க ஒரு தலைமுறை பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தது, பாருங்கள்.

வியட்நாம் போருக்கும் இதே கதைதான், வேறு வடிவில். 1983இல் 13 பகுதிகளாக ஒரு தொடர் வந்தது. அது வியட்நாம் கம்யூனிஸ்டுகளுக்குச் சாதகம் என்று ஒரு வலதுசாரி அமைப்பு மறுப்புப் படம் எடுத்தது. 1985இல் அதையும் பிபிஎஸ்ஸே ஒளிபரப்பியது. 2017இல் பர்ன்ஸும் லின் நோவிக்கும் 18 மணி நேரத் தொடர் தந்தபோது, போர் நல்லெண்ணத்தோடுதான் தொடங்கியது என்ற அதன் தொடக்கக் கருத்தைப் பலர் ஏற்கவில்லை. பனிப்போர் படிக்கும் மாணவர்களுக்கு இந்தச் சண்டையே நல்ல பாடம்.

2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. இனி இப்படி நீண்ட தொடர்களுக்குப் பணம் தேடுவது இன்னும் சிரமம்.

வகுப்பு நடவடிக்கைக்கு 'ஐஸ் ஆன் த பிரைஸ்' ஆறாம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும். பயிற்றித் தாளில் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள்: பேசியவர், அன்று அவர் எங்கே நின்றார், பேசியது எத்தனை ஆண்டு கழித்து. பிறகு விடை எழுதும்போது "இந்தப் படம் காட்டுகிறது" என்று தொடங்காமல், "அன்று செல்மாவின் மேயராக இருந்தவர், இருபது ஆண்டு கழித்துச் சொல்கிறார்" என்று தொடங்கச் சொல்லுங்கள்.